துடிக்கும் விண்மீன்களில் அதிர்ச்சி அலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துடிக்கும் விண்மீன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "மூச்சு விடும் விண்மீன்" என்றுதான் தொடங்குவார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். விண்மீனின் உட்பகுதிக்கு அந்த உவமை ஓரளவு பொருந்தும். வெளி அடுக்குகளுக்கு வந்தால் கதை வேறு. அங்கே வாயு மேலே வீசி எறியப்படுகிறது, கல்லைப் போலத் திரும்ப விழுகிறது, விழுந்துகொண்டிருக்கும்போதே கீழிருந்து அடுத்த அடியை வாங்குகிறது. அந்த அடிதான் அதிர்ச்சி அலை. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

துடிக்கும் விண்மீன் என்றால் எது?

ஒழுங்கான கால இடைவெளியில் விரிந்து சுருங்குவதால் ஒளி கூடிக் குறையும் விண்மீன். இந்தப் பக்கத்தில் மூன்று விண்மீன்கள் திரும்பத் திரும்ப வரும். யாழ் மண்டலத்தில் இருக்கும் ஆர்.ஆர். லைரேயின் துடிப்புக் காலம் 0.567 நாள், அதாவது சுமார் 13 மணி 36 நிமிடம். கன்னி மண்டலத்தில் டபிள்யூ வர்ஜினிஸ், சுமார் 17.3 நாள். திமிங்கில மண்டலத்தில் மீரா, சுமார் 332 நாள். மூன்றும் வயதான விண்மீன்கள்.

ஏன் துடிக்கின்றன?

இதற்கு அடிப்படை யோசனையைத் தந்தவர் ஆர்தர் எடிங்டன். விண்மீனுக்குள் ஓர் அடுக்கு அடைப்பான் போல வேலை செய்ய வேண்டும் என்றார் அவர். சுருங்கும்போது வெளியேறும் வெப்பத்தை அது அடைத்து வைக்க வேண்டும், விரிந்ததும் திறந்துவிட வேண்டும். அந்த அடைப்பான் ஹீலியம் அயனியாகும் (அதன் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும்) அடுக்குதான் என்று 1950-களில் காட்டியவர் சோவியத் அறிஞர் செவாக்கின். ஆர்.ஆர். லைரேக்கும் செஃபீடுகள் என்ற துடிக்கும் விண்மீன் வகைக்கும் இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. மீரா போன்றவற்றில் ஹைட்ரஜன் அடுக்கும் வெப்பச்சலனமும் கலந்து கணக்கைச் சிக்கலாக்கிவிடுகின்றன.

இந்த அடைப்பான் இருப்பது கண்ணுக்குத் தெரியும் பரப்புக்குக் கீழே. அதிர்ச்சி அலை தன் ஆட்டத்தைக் காட்டுவது பரப்பிலும் அதற்கு மேலும்.

அதிர்ச்சி அலை என்றால் என்ன? ஒலியலையிலிருந்து எப்படி வேறுபடும்?

குழாயைத் திறந்து, தொட்டியின் தட்டையான அடியில் தண்ணீர் விழ விடுங்கள். விழுந்த இடத்தைச் சுற்றி நீர் மெல்லிய படலமாக வேகமாகப் பரவும். குறிப்பிட்ட தூரம் போனதும் சட்டென்று தடித்து, வேகம் குறையும். அங்கே ஒரு வட்ட விளிம்பு தெரியும். அதிர்ச்சி அலைக்கு மிக நெருங்கிய சொந்தம் அந்த விளிம்பு.

வாயுவில் ஓரிடத்தில் அழுத்தம் மாறினால் அந்தச் சேதி ஒலிவேகத்தில்தான் மற்ற இடங்களுக்குப் போகும். தள்ளும் பொருள் ஒலியைவிட வேகமாக வந்தால், முன்னால் இருக்கும் வாயுவுக்கு எந்த முன்னறிவிப்பும் கிடைக்காது. ஒதுங்கவும் நேரமில்லை. மிக மெல்லிய ஒரு முகப்பைத் தாண்டும்போதே அதன் அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றும் தாவி உயரும். ஒற்றை அணுக்களாலான வாயுவில் ஓர் அதிர்ச்சி அலை எவ்வளவு வலுவாக இருந்தாலும் முகப்பில் அடர்த்தி 4 மடங்குக்கு மேல் தாவாது. வெப்பநிலைக்கு அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. இந்த வேறுபாடு பின்னால் உதவும்.

வெற்றிடத்தில் ஒலி போகாதே?

போகாது. இங்கே பேசுவது விண்மீனின் சொந்த வாயுவுக்குள் ஓடும் அலையை. நமக்கு எதுவும் கேட்காது. வந்து சேர்வது ஒளி மட்டும்தான்.

ஒழுங்காக, நிதானமாகத் துடிக்கும் விண்மீனில் இவ்வளவு முரட்டு அலை எப்படி வருகிறது?

சாட்டையை நினைத்துப் பாருங்கள். கைப்பிடி தடிமன், நுனி நூல் மாதிரி. கையை நாம் அப்படியொன்றும் வேகமாக அசைப்பதில்லை. ஆனால் அந்த அசைவு மெலிந்துகொண்டே போகும் கயிற்றில் ஓடும்போது, அதே ஆற்றலைக் குறைந்த நிறை சுமக்க வேண்டியிருப்பதால் வேகம் ஏறிக்கொண்டே போகிறது. நுனிக்கு வரும்போது ஒலிவேகத்தைத் தாண்டிவிடுகிறது. "பளீர்" என்று கேட்கிறதே, அதுவே ஒரு சின்ன அதிர்ச்சி அலை.

விண்மீனின் வெளி அடுக்கும் சாட்டைதான். மேலே போகப் போக அடர்த்தி மளமளவென்று குறைகிறது. உள்ளே சாதுவாகப் புறப்பட்ட அழுத்த அலை, மேலே வர வர வேகம் பிடித்து, முகப்பு செங்குத்தாகி, அதிர்ச்சி அலையாகிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. என் கணிப்பில் அதுதான் சுவாரசியமானது. முந்தைய துடிப்பில் மேலே எறியப்பட்ட வாயு இந்த நேரத்தில் கீழே விழுந்துகொண்டிருக்கும். கீழிருந்து எழும் வாயுவும் மேலிருந்து விழும் வாயுவும் எதிரெதிரே வரும்போது, மோதும் வேகம் இரண்டின் கூட்டுத்தொகை. எதிரே வரும் லாரியில் மோதுவதும் நிற்கும் லாரியில் மோதுவதும் ஒன்றல்லவே.

ஆர்.ஆர். லைரேயின் வெளி அடுக்கில் ஒலிவேகம் வினாடிக்கு 10 கி.மீ. அளவில் இருக்கும். முதன்மை அதிர்ச்சி அலையின் வேகம் 100 கி.மீ.யைத் தாண்டும். அதாவது ஒலியைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

எல்லாம் சரி, இதை யார் பார்த்தார்கள்? விண்மீன் ஒரு புள்ளியாகத்தானே தெரிகிறது?

புள்ளியாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், விண்மீனின் வாயு விழுங்கிய நிறங்களின் இடத்தில் கருங்கோடுகள் இருக்கும். வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். டாப்ளர் விளைவு. விண்மீனின் மேல் அடுக்கு எழுவதையும் விழுவதையும் இப்படித்தான் அளக்கிறோம்.

அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ராஸ்கோ சான்ஃபோர்டு டபிள்யூ வர்ஜினிஸின் நிறமாலையைப் பல கட்டங்களில் பதிவு செய்து 1952-ல் வெளியிட்டார். துடிப்பின் பெரும்பகுதியில் ஒவ்வொரு கோடும் ஒற்றையாக இருந்தது. ஒளி ஏறும் கட்டத்தில் அதே கோடு இரண்டாகப் பிளந்து நின்றது: ஒன்று சிவப்புப் பக்கம், மற்றது நீலப் பக்கம். கூடவே ஹைட்ரஜன் கோடுகள் கருமையை விட்டு ஒளிர ஆரம்பித்தன.

இதற்கு விளக்கம் சொன்னவர் மார்ட்டின் ஷ்வார்ஷில்ட். வளிமண்டலத்தின் நடுவே ஓர் அதிர்ச்சி முகப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. முகப்புக்கு மேலே இன்னும் அடி வாங்காத வாயு விழுகிறது. அது சிவப்புக் கோடு தருகிறது. முகப்புக்குக் கீழே அடி வாங்கித் திரும்பிய வாயு எழுகிறது. அது நீலக் கோடு. முகப்பு மேலே ஏற ஏற, அடி வாங்காத வாயுவின் அளவு குறையும். சிவப்புக் கோடு மங்கும், நீலக் கோடு வலுக்கும். கடைசியில் நீலக் கோடு மட்டும் மிஞ்சும். பதிவுகளில் தெரிவதும் அதே வரிசைதான்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. வேகம் கீழிருந்து மேலாகப் படிப்படியாக மாறியிருந்தால் கோடு அகன்று மங்கலாகியிருக்கும், இரண்டாகியிருக்காது. நடுவே இடைவெளி விட்டுப் பிளந்தது என்றால், இடைப்பட்ட வேகத்தில் வாயு கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம். ஒரு தாவல் நடந்திருக்கிறது. புள்ளியாகத் தெரிகிற ஒன்றின் உள்ளே இருக்கும் மெல்லிய முகப்பை ஒரு கருங்கோடு காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆர்.ஆர். லைரேயின் ஒரு துடிப்பில் என்னவெல்லாம் நடக்கும்?

ஒளி உச்சத்தில் இருக்கும் நேரத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்வோம். அப்போது வெளி அடுக்கு முழுவதும் விரிந்துகொண்டிருக்கும். அடுத்த சில மணி நேரம் ஈர்ப்பு அதன் வேகத்தைத் தின்றுகொண்டே வரும். ஐந்தாறு மணி நேரத்தில் விண்மீன் முழு அளவுக்கு விரிந்து, திரும்பச் சுருங்க ஆரம்பிக்கும். கீழ் அடுக்குகள் முதலில் திரும்பும். உயரத்தில் இருப்பவை தாமதமாகத்தான் திரும்பும்.

இந்தத் தாமதம் வம்பை இழுக்கிறது. ஒன்பதரை மணி நேரம் ஆகும்போது, தாமதமாகக் கிளம்பிய மேல் அடுக்கு வேகமாக விழுந்து, ஏற்கெனவே சுருங்கி வேகம் குறைந்த கீழ் அடுக்கின் மேல் மோதுகிறது. ஒளிமாற்ற வரைபடத்தில், ஒளி அடிமட்டத்தைத் தொடும் முன் ஒரு சின்ன மேடு தெரியும். அது இந்த மோதலின் அடையாளம் என்று 1970-களிலேயே மாதிரிக் கணக்குகள் காட்டின.

அப்புறம் பெரிய அடி. சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில், ஒளி செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும்போது, உள்ளிருந்து முதன்மை அதிர்ச்சி அலை வெளிப்படுகிறது. ஹைட்ரஜன் கோடு ஒளிரும். இந்த ஒளிர்வு ஒரு மணி நேரம்கூட நீடிக்காது. இரவில் சரியான நேரத்தில் தொலைநோக்கியைத் திருப்பாதவர்களுக்கு அது இல்லவே இல்லை. உச்சம் தாண்டிச் சில மணி நேரம் கழித்துச் சிவப்புப் பக்கம் மிக மெல்லிய இன்னொரு ஒளிர்வும் வரும்.

2009-ல் ஜார்ஜ் பிரஸ்டன் இந்த வகை விண்மீன்கள் பலவற்றில் ஹீலியமும் ஒளிர்வதைக் காட்டினார். ஹைட்ரஜனைவிட ஹீலியத்தைக் கிளப்புவது மிகக் கடினம். ஆறேழாயிரம் டிகிரி வாயுவால் அது முடியாது.

அப்படியானால் முகப்புக்குப் பின்னால் எவ்வளவு சூடு?

வெப்பநிலை மோதும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அயனியான வாயுவில் வினாடிக்கு 100 கி.மீ. வேகத்தில் மோதினால், கணக்குப்படி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கெல்வின் அளவுக்குப் போகும். 20 கி.மீ. என்றால், அயனியாகாத வாயுவுக்குப் பன்னிரண்டாயிரம் போல. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் மூலக்கூறுகளை உடைக்கவும், அணுக்களை அயனியாக்கவும் ஆற்றலில் ஒரு பங்கு செலவாகிவிடும். சூடான வாயு ஒளியாகக் கொட்டி வேகமாகக் குளிர்ந்தும் விடும். குளிரும்போது இன்னும் நெருங்கும். அதனால் முகப்பில் 4 மடங்காக இருந்த அடர்த்தி, பின்னால் பல மடங்கு கூடிவிடும். நாம் காணும் ஒளிர்கோடுகள் வருவது இந்தக் குளிரும் வாலிலிருந்துதான்.

விண்மீனின் ஒளி கூடுவதே அதிர்ச்சி அலையால்தானா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. ஒளி ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பரப்பின் வெப்பநிலையும் அளவும் மாறுவது. அதிர்ச்சி அலையின் பங்கு சின்ன மேடுகள், ஒளிர்கோடுகள் அளவுதான். மீராவில் சாதாரண ஒளியில் ஏற்றம் சில நூறு மடங்கு இருக்கும். அதில் பெரும்பங்கு டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறின் வேலை. குளிர்ந்தால் அது பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடும். அகச்சிவப்பில் பார்த்தால் மீரா அவ்வளவு ஆட்டம் போடுவதில்லை.

மீராவில் மட்டும் ஏன் இது பெரிய விஷயமாகப் பேசப்படுகிறது?

ஈர்ப்பில் இருக்கிறது விடை. சூரியப் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 274 மீட்டர். ஆர்.ஆர். லைரேக்குச் சூரியனின் 0.65 பங்கு நிறை, ஐந்தரை மடங்கு ஆரம் என்று வைத்தால் அங்கே முடுக்கம் 6 மீட்டர் அளவு. பூமியில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். மேலே எறிந்தது சில மணி நேரத்தில் திரும்பிவிடும்.

மீராவுக்குச் சூரியனைப்போல் 1.2 மடங்கு நிறை, 350 மடங்கு ஆரம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு வினாடி மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாது. மையத்திலிருந்து இரண்டு ஆரத் தொலைவில் அது இன்னும் கால் பங்காகிவிடும். அந்த உயரத்தில் வினாடிக்கு 15 கி.மீ. வேகத்தில் வாயுவைக் கிளப்பினால், அது ஏறி இறங்க 500 நாளுக்கும் மேல் ஆகும். அடுத்த அதிர்ச்சி அலையோ 332 நாளில் வந்துவிடுகிறது. கீழே வந்து சேரும் முன்பே மறுபடி அடி. மாடிப்படியில் ஒருவரை இறங்கவிடாமல் ஒவ்வொரு முறையும் இரண்டு படி மேலே தள்ளிவிடுவது மாதிரி.

இப்படித் தள்ளித் தள்ளி மீராவின் வளிமண்டலம் வீங்கிப் போகிறது. துடிப்பே இல்லாவிட்டால் அந்த உயரத்தில் வாயு கிட்டத்தட்ட இருக்காது. இப்போது அடர்ந்த வாயு அங்கே இருக்கிறது. விண்மீனிலிருந்து விலகி நிற்பதால் ஆயிரத்து ஐந்நூறு கெல்வினுக்குக் கீழே குளிரவும் செய்கிறது. அடர்த்தியும் குளிரும் சேர்ந்தால் தூசு உருவாகும். மீரா போன்ற ஆக்சிஜன் மிகுந்த விண்மீனில் அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கேட் துகள்கள். கார்பன் விண்மீன்களில் புகைக்கரி. தூசு ஒளியை நன்றாகத் தடுக்கும். ஒளி அதைத் தள்ளும், அது தன்னைச் சுற்றியுள்ள வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும். விண்மீன் காற்று புறப்பட்டுவிட்டது.

மீரா இப்படி ஆண்டுக்குச் சூரிய நிறையில் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இழக்கிறது. முப்பது ஆண்டுக்கு ஒரு பூமி. இதே இனத்தில் இன்னும் பல மடங்கு வேகமாகக் கரைகிற விண்மீன்கள் உண்டு. அதிர்ச்சி அலை நேரடியாக வாயுவை வெளியே எறிவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது தூக்கிப் பிடிக்கிறது. வெளியே கொண்டுபோவது தூசின் மேல் விழும் ஒளி.

மீராவின் பின்னால் வால் இருக்கிறதாமே, அதுவும் இந்த அலைதானா?

வால் உண்டு. காலெக்ஸ் என்ற புறஊதா விண்தொலைநோக்கி எடுத்த படங்களில் 13 ஒளியாண்டு நீள வால் இருப்பது 2007-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது வேறு சமாச்சாரம். மீரா விண்மீனிடை வாயுவை வினாடிக்குச் சுமார் 130 கி.மீ. வேகத்தில் கிழித்துக்கொண்டு போகிறது. அதனால் முன்னால் படகு முகப்பில் எழும் அலை போல ஓர் அதிர்ச்சி, பின்னால் வால். துடிப்பு அலைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாலில் இருக்கும் பொருள் மட்டும் நாம் மேலே பார்த்த வழியில் கிளம்பியதுதான்.

மீராவின் ஹைட்ரஜன் கோடுகளில் ஏதோ புதிர் உண்டு என்று படித்தேன். என்ன அது?

நல்ல கேள்வி. ஹைட்ரஜன் ஒளிர்ந்தால் வழக்கமாகச் சிவப்பில் இருக்கும் ஆல்ஃபா கோடுதான் பலமாக இருக்கும். பீட்டா, காமா, டெல்டா என்று வரிசையாக மங்கும். மீரா வகையில் இந்த வரிசை தலைகீழ்: பெரும்பாலும் டெல்டா பலமாகவும் ஆல்ஃபா, பீட்டா இளைத்தும் தெரியும். அதிர்ச்சி அலையின் இயற்பியலே தப்போ என்று நினைக்க வைக்கும் காட்சி.

குற்றவாளி டைட்டானியம் ஆக்சைடு. அதன் உட்கவர் பட்டைகள் மற்ற கோடுகள் இருக்கும் இடங்களில் கனமாகவும், டெல்டா இருக்கும் இடத்தில் லேசாகவும் விழுகின்றன. ஒளிரும் வாயு அந்த மூலக்கூறுப் போர்வைக்கு அடியில் இருக்கிறது. போர்வையில் ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. ஆக, அலை அப்போது ஆழத்தில்தான் இருக்கிறது என்ற தகவலும் நமக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

ஒரு முறையாவது படமாகப் பிடித்திருக்கிறார்களா?

கிட்டத்தட்ட. சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கிகளைக் கொண்டு டபிள்யூ ஹைட்ரே என்ற சிவப்பு ராட்சத விண்மீனின் பரப்பையே பிரித்துப் பார்த்தார்கள். குளிர்ந்த வளிமண்டலத்துக்குள் எதிர்பாராத சூடான வாயுவும் ஒரு பிரகாசத் திட்டும் இருந்தன. அதிர்ச்சி அலை சூடாக்கிய வாயு என்பது 2017-ல் அவர்கள் தந்த விளக்கம். அலை விண்மீனைச் சுற்றி ஒரே சீரான கோளமாக எழுவதில்லை, திட்டுத் திட்டாக வரலாம் என்பதற்கும் இது அடையாளம். நாம் வரையும் அழகான வட்டங்களை நம்பிவிட வேண்டாம்.

சூரியனில் இப்படி உண்டா?

மிகச் சிறிய அளவில் உண்டு. சூரியப் பரப்பின் ஒலியலைகள் மேலே வண்ணமண்டலம் என்ற மெல்லிய வாயு அடுக்குக்குப் போகும்போது இதே சாட்டை விதிப்படி செங்குத்தாகி அதிர்ச்சி அலைகளாகின்றன. கால்சியம் கோட்டில் மின்னும் சின்னப் புள்ளிகள் அதனால் வருபவை. சூரியனே மொத்தமாக எழும்பி விழுவதில்லை.

இந்த விண்மீன்களில் ஏதாவது தமிழ்நாட்டோடு தொடர்புடையதா?

ஒன்று உண்டு. தென்வானில் ஆர் ரெட்டிகுலி என்ற மீரா வகை விண்மீனை 1867-ல் கண்டறிந்தவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அதிர்ச்சி அலை, ஒளிர்கோடு எதுவும் அன்று பேச்சிலேயே இல்லை. ஒளி மாறுகிறது என்று கண்டுகொள்வதே பெரிய வேலை.

வீட்டிலிருந்து நான் எதைப் பார்க்க முடியும்?

அலையை அல்ல, துடிப்பைப் பார்க்கலாம். மீரா உச்சத்தில் இருக்கும்போது வெறும் கண்ணுக்கே தெரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாலை வானம் வசதி. உச்சம் இந்த மாதங்களில் விழாத ஆண்டுகளில் தேடி ஏமாற வேண்டாம்.

ஆர்.ஆர். லைரேக்கு இருகண்ணோக்கி வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் வடக்குப் பக்கம், வேகா விண்மீனுக்கும் அன்ன மண்டலத்தின் டெல்டா என்ற விண்மீனுக்கும் இடையே இருக்கும். பொலிவெண் (எண் குறைந்தால் ஒளி அதிகம்) 7.1-க்கும் 8.1-க்கும் நடுவே ஆடும். அதாவது இரண்டரை மடங்கு மாற்றம். இறங்குவது நிதானமாக இருக்கும், ஏறுவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதனால் ஏறும் இரவைப் பிடியுங்கள். அருகில் உள்ள இரண்டு மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டுக் கால் மணிக்கு ஒரு முறை குறித்து வந்தால் வரைபடம் கைக்கு வந்துவிடும்.

நிறமாலைமானி பொருத்திய தொலைநோக்கி இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். பிரான்சில் வானியலாளர் டெனி ஜில்லேயுடன் சேர்ந்து வானியல் ஆர்வலர்கள் சிறிய தொலைநோக்கிகளால் இந்த விண்மீனின் ஹைட்ரஜன் கோட்டை இரவு இரவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கருவியைத் தயாராக வைத்திருங்கள். ஒளிர்கோடு வந்து போய்விடும்.